மூன்றாவது கயிறு

எங்கள் லாண்டரியில் துணி காயப்போட கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருப்போம். முறுக்கை விரலால் கொஞ்சம் பிரித்துத் துணியின் முனையைச் செருகிவிட்டால் காயல் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. ஒரு வீட்டுத் துணி ஒரு கயிற்றில்தான் காயும். அடுத்த வீட்டுத் துணியை அதில் சேர்க்கக்கூடாது. துணி மாறிப்போகாமல் இருக்க வந்த வழக்கம். இந்தத் தொழில் செய்கிற தமிழ்க் குடும்பங்களில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். வெளியாட்களுக்கு அது வெறும் துணி. எங்களுக்கு ஒரு தெருவையே பார்க்கிற மாதிரி. யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள், எல்லாம் கயிற்றில் தெரியும். தெரிந்ததை யாரும் வெளியே பேச மாட்டோம்.

அந்தக் கயிறுகளைத்தான் நான் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டேன்.

நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்தவன். அப்பாவுக்கு நகராட்சியில் கானா தூர்வாருகிற வேலை. கானா என்றால் இங்கே சாக்கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தொண்ணூறுகளில் பாதி இந்தியாவை ரயிலில் பார்த்தேன், பெரும்பாலும் டிக்கெட் இல்லாமல். சூரத்தில் சேலை மடித்தேன். பம்பாயில் ஓட்டலில் தட்டு கழுவினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் லேபிள் தைக்கிற பிரிவில் இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. வேலை போனது. எழுந்து நடக்க முடிந்ததும் கொச்சிக்கு வந்தேன். அதற்குள் அப்பாவும் இல்லை, நாங்கள் குடியிருந்த அறையும் இல்லை. லாண்டரி நடத்திய அக்கா வேலையும் கொடுத்து, இஸ்திரி மேசைக்குப் பின்னால் படுக்க இடமும் கொடுத்தார். அவர் எனக்கு உறவில்லை. அப்பாவின் யூனிஃபார்மைத் தேய்த்துக் கொடுத்தவர், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களைச் சுற்றியிருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆயின. படுக்கை விரிப்பும் துவாலையும் மூட்டை மூட்டையாக வந்தன. அதைப் பார்த்து இடப்பள்ளிப் பக்கமிருந்து பெரிய மெஷின் லாண்டரிகள் வேன் அனுப்ப ஆரம்பித்தன. வேனின் மேல் பெயர், நுரைக் குமிழிப் படம், போன் நம்பர். எங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்த ஹோம்ஸ்டேக்களில் பாதி வேனுக்குப் போய்விட்டன. எங்கள் கடைக்குப் பெயரே கிடையாது. நான் அக்காவிடம் திருப்பூர்க் கதையைச் சொன்னேன். ஒரே பனியன், ஒரே நூல், லேபிள் மாறினால் விலை மாறும் என்றேன்.

"பேரு வச்சா அழுக்கு போயிருமாடா?" என்றார் அக்கா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது கேரளத்தில் இளவட்டம் முழுவதும் ஒரு நட்புத் தளத்தில் இருந்தது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் குறிப்பு எழுதிவிட்டுப் போகலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் அது காட்டும். எங்கள் தெருமுனையில் இன்டர்நெட் கபே வைத்திருந்த மலையாளி சேட்டன் லாண்டரிக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தார். எழுத்தை எவனும் படிக்க மாட்டான், படம் கொண்டு வா என்று தன்னுடைய டிஜிட்டல் கேமராவையும் கொடுத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் எடுத்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு கயிறுகளில் வெள்ளை விரிப்புகள். மூன்றாவது கயிற்றில் ஒரு மஞ்சள் சேலை, பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் பள்ளி யூனிஃபார்ம், மெரூன் நிறப் பினஃபோர், கோடு போட்ட டை. சேலையின் நடுவில் பச்சைத் துணியில் இலை மாதிரி வெட்டி ஒட்டுத் தையல் போட்டிருந்தது. வெள்ளைக்கு நடுவே அந்த மஞ்சளும் பச்சையும் கண்ணைப் பிடித்தன. சேட்டன் படத்தைப் பார்த்துவிட்டு, இது மதி, இதுவே போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

படம் ஓடியது. கொச்சியை விட்டுப் போய் வளைகுடாவில் இருந்தவர்கள் எழுதினார்கள். துணிக்குப் போட்ட கஞ்சி மணம் இங்கே அடிக்கிறது என்று ஒருவர். எங்கள் ஊரில் தங்கிவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் எழுதியதைச் சேட்டன் படித்துச் சொன்னார். பயணம் பற்றிப் பேசுகிற வேறு பக்கங்களிலும் யாரோ அதை எடுத்துப் போட்டார்கள். எல்லோரும் பேசியது அந்த இலையைப் பற்றித்தான். எனக்குத் திருப்பூர் மூளை வேலை செய்தது. இலையை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, பச்சை மையில் காகித உறைகளில் குத்தினேன். தேய்த்த துணி அந்த உறையில் போனது. வேனுக்குப் போன ஹோம்ஸ்டேக்கள் திரும்பி வந்தன. புதிதாக வந்தவர்கள் 'இலைக்கடை' என்று கேட்டு வந்தார்கள். நாங்கள் வைக்காத பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

சேலைக்குச் சொந்தக்காரி ஒரு ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்கிற பெண். எங்கள் சந்தின் கடைசியில் ஓர் அறையில் மகளோடு இருந்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. மாலையில் தாய் எங்களிடம் வந்து விரிப்பு மடித்துக் கொடுப்பாள். பதிலுக்கு அவர்கள் துணியை நாங்கள் வெளுத்துப் போடுவோம். தமிழ்க்காரி, அதிகம் பேசமாட்டாள். எங்கிருந்து வந்தாள் என்று அக்கா கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

முத்திரை குத்திய உறையை முதலில் பார்த்தபோது அவள் இலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் சேலையில இருக்கறதில்லையா அண்ணே?"

ஆமாம் என்றேன், பெருமையாக. அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். படம் இன்டர்நெட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. இன்டர்நெட் என்றால் வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் பேசப் போகிற இடம், அவ்வளவுதான் அவள் அறிந்தது. அந்தப் படத்தால் யாருக்கு என்ன என்று எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் சேட்டன் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள், அர்த்தம் புரியவில்லை, உங்கள் தொழில் விஷயம் போல என்றார். எழுதியவனின் பக்கத்தில் பெயர் என்று இரண்டு எழுத்துகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். ஆங்கில எழுத்தில் மலையாளம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மூன்றாவது கயிறு யார் வீட்டுடையது?

வேறு ஒன்றும் இல்லை. துணி நன்றாக இருக்கிறது என்றோ, என்ன விலை என்றோ இல்லை. படத்தைப் பார்த்த அத்தனை பேரில் கயிறுகளை எண்ணியவன் அவன் ஒருவன்தான். பக்கத்தை வந்து பார்த்தவர்களின் பட்டியலைச் சேட்டன் காட்டினார். நாள் தவறாமல் வந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் லாண்டரிக்கு ஓடினேன்.

நான் சொன்னதைக் கேட்ட அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கயிறு ஒண்ணு வீடு ஒண்ணுன்னு வெளியாளுக்குத் தெரியாதுடா. இவன் நம்ம தொழில்காரன்."

மாலையில் விரிப்பு மடிக்க அவள் வந்ததும் அக்காவே விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த விரிப்பைப் பாதி மடிப்போடு மேசைமேல் வைத்தாள். களமசேரியில் ஆலைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் போயிருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சொல்லி அவனோடேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுபடியும் போனபோதும் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் மட்டாஞ்சேரியில் இறங்கியிருக்கிறாள்.

"அந்த இலைக்கு அடியில பொத்தல் இருக்கு அக்கா. அவரு தேய்ப்புப் பெட்டிய எடுத்து வச்சாரு. நான் நகர்ந்துட்டேன். சேலை மட்டும்தான் வெந்துச்சு."

வேறு யாருக்கோ நடந்ததைப் போல அதைச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா யூனிஃபார்மும் அதுல இருக்கா அண்ணே?"

இருந்தது. மெரூன் பினஃபோரும் அந்த டையும் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான். சேலை அவள் இங்கே இருப்பதைச் சொன்னது. யூனிஃபார்ம் மகளை எங்கே பிடிக்கலாம் என்று சொன்னது. ஒரு வீட்டுத் துணி ஒரு கயிற்றில் என்கிற வழக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது.

படத்தை எடுத்துவிடச் சொல்லி சேட்டனிடம் ஓடினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இப்போ டெலீட் செய்தா அவனுக்கு மனசிலாகும். அவ இங்கதான்னு உறப்பிச்சுக்குவான்."

அவர் சொன்னது சரி, எடுத்தால் அவன் சந்தேகம் உறுதியாகிவிடும். அதோடு படம் ஏற்கெனவே வேறு பக்கங்களுக்குப் போய்விட்டது. அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. யோசித்து யோசித்து ஒரு பதில் எழுதினோம். எங்களிடம் வருவது எல்லாம் ஹோம்ஸ்டே துணிதான், எந்தக் கயிறும் தனி வீட்டுடையது இல்லை என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஹோம்ஸ்டேக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எதற்கு என்று கேட்டிருந்தான். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தான்.

அந்தப் பெண்குழந்தை பள்ளிக்குப் போகவில்லை. ஹோம்ஸ்டேயின் பின்கட்டில், அம்மாவின் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. நான் பள்ளி விடுகிற நேரத்துக்கு எதிர்க் கடையில் போய் ஒரு சாயா வாங்கிக்கொண்டு நிற்பேன். ஆள் எப்படி இருப்பான் என்று அவளிடம் கேட்டிருந்தேன். "சாதாரணமா இருப்பாரு அண்ணே" என்றாள். அவ்வளவுதான் என்னிடம் இருந்த அடையாளம். ஆட்டோவில் சாய்ந்து நின்றவன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன், மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போன யாரோ ஒரு அப்பா, எல்லோரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். நான் பல ஊர்களில் அடி வாங்கியிருக்கிறேன். அடிக்கிறவன் எதிரே நின்றால் இவ்வளவு பயம் வராது.

அக்கா மஞ்சள் சேலையை மேசைக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினார். பிறகு ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். கயிறுகளில் வீடுகளைக் கலந்தார். ஒரு கயிற்றில் மூன்று வீட்டுத் துணி, ஒரு வீட்டுத் துணி நான்கு கயிற்றில். சாயங்காலம் பிரித்தெடுக்க எங்களுக்குத் தலை சுற்றியது. பாலக்காட்டிலிருந்து வந்து பல காலமாக இங்கே இருக்கிற ஒரு மாமி தன் வீட்டு வேட்டி யாரோ வெள்ளைக்காரன் துவாலைக்குப் பக்கத்தில் காய்வதைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, ஆத்து வேஷ்டிய ஊர் துணியோட போட்டிருக்கே?"

"கயிறு அறுந்துபோச்சு மாமி. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க" என்றார் அக்கா. மாமி வேட்டியை ஈரத்தோடு உருவிக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை.

அவன் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில் வந்தான். வந்தது அவன்தானா என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு நீலச் சட்டை. தலை வாரியிருந்தான். பணிவாகப் பேசினான்.

"நல்ல மணம். கஞ்சி இங்கயே வடிக்கறதா அக்கா?"

ஆமாம் என்றார் அக்கா.

"இன்டர்நெட்ல பாத்தேன். இலை போட்ட கடை."

அக்கா சட்டைக்குக் கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கயிற்றிலிருந்து கடைசிவரை கண் ஒரே சீராகப் போயிற்று. வாசல் வாசலாகப் பெயர்ப்பலகை படிப்பதைப் போலப் படித்தான்.

"என்ன அக்கா, இப்ப வீடு வீடா போடறதில்லையா?"

"இடம் பத்தல தம்பி."

"கலந்தா மாறிப் போயிருமே."

"எங்க கையில எதுவும் மாறாது" என்றார் அக்கா.

நான் கரி தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கங்கு தெறித்துக் கால்விரலில் விழுந்தது. அதை உதறக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் முழங்கால் டிரங்குப் பெட்டியை ஒட்டி இருந்தது. அதற்குள்தான் சேலை. அவன் கடைசியில் சட்டையை மேசைமேல் வைத்தான். என்ன பெயரில் வாங்கிக்கொள்வது என்று அக்கா கேட்டார்.

"பேரு வேண்டாம். நானே வந்து வாங்கிக்கறேன்."

போகும்போது மூன்றாவது கயிற்றை விரலால் ஒருமுறை மீட்டிவிட்டுப் போனான். துணி எல்லாம் ஆடி நின்றது.

ஹோம்ஸ்டேக்கு நான் சுற்றுவழியில் போய்ச் சொன்னேன். வேலை முடிந்ததும் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். அக்கா சட்டையை எடுத்து வைத்தார். யாரோ வாடிக்கையாளராக இருக்கலாம், நாமே பயந்துகொண்டிருக்கிறோம் என்று அதுவரை ஒரு சின்ன நம்பிக்கை எனக்கு இருந்தது. அவள் சட்டையைக் கையில் எடுக்கவில்லை. ஒரு விரலால் காலரைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நான் திருப்பித் தச்ச காலர்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்து முடிக்கும்போது முடிவு செய்துவிட்டாள். பள்ளுருத்தியில் அக்காவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தது. முதலில் அங்கே, பிறகு அங்கிருந்து வேறெங்கோ. எங்கே என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்தால் என் முகத்தில் தெரியும்.

நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலையை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அது இங்கயே இருக்கட்டும் அண்ணே. முன்ன மாதிரி மூணாவது கயித்துல போடுங்க. பாப்பா யூனிஃபார்மும் வச்சிட்டுப் போறேன், அதையும் பக்கத்துல போடுங்க. படம் புடிச்சு அதுல போட்டுக்கிட்டே இருங்க. அவரு இங்கயே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அக்கா சேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பைகளோடு அவர்கள் பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறினார்கள். குழந்தை ஜன்னலோரம் இடம் கேட்டது. அம்மா அதை உள்பக்கமாக உட்கார வைத்தாள்.

மறுநாளிலிருந்து கயிறுகளில் மறுபடியும் வீடு வீடாகப் போட்டோம். மூன்றாவது கயிற்றில் மஞ்சள் சேலையும் மெரூன் யூனிஃபார்மும். அழுக்கே ஆகாத துணியை அக்கா வாரந்தோறும் நனைத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தார். நான் படம் எடுத்தேன், சேட்டன் ஏற்றினார். சில வாரம் கொஞ்சம் கூட்டமாக, சில வாரம் சேலையின் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி. வேண்டுமென்றே காட்டுவதாகத் தெரியக்கூடாது இல்லையா. படம் ஏறிய அன்றே அந்தச் சாம்பல் கட்டம் வந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு அவன் ஒரு சொல்கூட எழுதவில்லை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா சூடான இஸ்திரிப் பெட்டியைக் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்திக்கொள்வார். நான் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் போய் வாசலைப் பார்த்தபடி துணி செருகப் பழகிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் கடை வளர்ந்தது. வாரம் தவறாமல் படம் போட்ட லாண்டரி கொச்சியிலேயே எங்களுடையது ஒன்றுதான் போலிருக்கிறது. அந்தச் சேலையைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எப்படி இவ்வளவு விடாமல் செய்கிறீர்கள் என்று ஒரு ஹோம்ஸ்டே முதலாளி கேட்டார், தானும் அப்படிச் செய்ய விரும்புவதாக. பழக்கம்தான் என்றேன். எனக்கோ கால் ஓர் இடத்தில் நிற்காது. ஒரு மழைக்காலம் முடிந்தால் எந்த ரயிலிலாவது ஏறிவிடுகிறவன். அப்போதும் ஸ்டேஷன்வரை போய்ப் பார்த்தேன். நான் போனால் அந்த வாரம் படம் நின்றுவிடும், நின்றால் அவன் வேறு பக்கம் தேட ஆரம்பிப்பான். திரும்பி வந்து விரிப்பு மடித்தேன்.

பிறகு ஒரு வருஷம் போலக் கழிந்ததும் ஜனங்கள் அந்தத் தளத்தை விட்டு வேறொன்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். நாங்களும் அங்கே ஒரு பக்கம் திறந்தோம். அங்கே யார் வந்து பார்க்கிறார்கள் என்று காட்டாது. பார்க்கிறான் என்று தெரிந்த பயம் ஒரு மாதிரி. பார்க்கிறானா என்றே தெரியாத பயம் வேறு மாதிரி, அது சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது. பள்ளுருத்திக் குடும்பத்திலிருந்து எப்போதாவது யாராவது வந்தால் அக்கா அவர்களைத் தனியே கூட்டிப்போய்ப் பேசுவார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். கேட்க மாட்டேன்.

நீலச் சட்டை தேய்த்தபடி அலமாரியில், இலை குத்திய உறைக்குள் இருக்கிறது. யாரும் வாங்கிக்கொள்ள வரவில்லை. தூக்கிப் போட எங்களுக்குத் தைரியம் இல்லை.

ஒரு மே மாதக் கடைசியில் சேட்டன் பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எடோ, இந்தக் கொச்சு வளரவே இல்லையே."

கொச்சு என்றால் இங்கே குழந்தை. சேலை வளராது. யூனிஃபார்ம் வளர வேண்டும். இத்தனை நாளும் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் பினஃபோரையே தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம். இஸ்திரிக்காரன் கண்ணுக்கு அது தப்பாது. அன்றைக்கே பள்ளி யூனிஃபார்ம் விற்கிற கடைக்குப் போனேன். எந்த வகுப்பு, என்ன அளவு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இருந்த அளவையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றில் பிடித்துப் பார்த்தார். ஒன்று சின்னது என்று வைத்துவிட்டார். இன்னொன்றை எடுத்து, தோள் பட்டையைத் தன் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் அடி ஓரம் எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு வளர்ந்திருப்பா" என்றார்.

புதுத் துணி புதிதாகத் தெரியக்கூடாது என்று அதை நாலைந்து முறை கல்லில் போட்டு அடித்து வெளுத்தோம். சாயம் கொஞ்சம் மங்கியதும் அக்கா மூன்றாவது கயிற்றின் முறுக்கைப் பிரித்து, சேலைக்குப் பக்கத்தில் அதைச் செருகினார். நான் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேமராவை எடுத்தேன்.